சொல் கேளாத நோயாளிகள்

வைத்தியர்கள் எழுதிக் கொடுக்கும் மருந்துகளில் விலையே இல்லாத மருந்து ஒன்று உண்டு. அதற்குக் கசப்பு இல்லை, பத்தியம் இல்லை, சீட்டை எடுத்துக்கொண்டு கடை வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை. "கொஞ்ச நாள் நன்றாக ஓய்வெடுங்கள்" என்பார் டாக்டர். நோயாளி தலையை ஆட்டுவான். வீட்டில் உள்ளவர்கள் கட்டிலுக்கு விரிப்பு மாற்றுவார்கள். சாப்பாடு படுக்கைக்கே வந்துவிடும். இந்த மருந்தினால் ஒருவனுக்குத் தீங்கு வரும் என்று சொன்னால் நம்மில் யாரும் லேசில் நம்பமாட்டோம். வைத்திய உலகமும் நம்பவில்லை. அதை நம்பவைப்பதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் பிடித்தது. நம்பவைத்தவர்கள் யார் என்று தேடிக்கொண்டு போனால்தான் வேடிக்கை. சர்வகலாசாலைகளும் ஆராய்ச்சி நிபுணர்களும் அந்தக் கதையில் நிறைய வருகிறார்கள். ஆனால் அநேகமாக ஒவ்வொரு நிபுணருக்கும் பின்னால், படு என்றபோது படுக்காமல், நடக்காதே என்றபோது நடந்துவிட்ட ஓர் அடங்காப்பிடாரி நின்றுகொண்டிருக்கிறான். சில இடங்களில் நிபுணரே அந்த அடங்காப்பிடாரியாகவும் இருந்திருக்கிறார்.

ஓய்வின் கட்சிக்கும் நியாயம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுவதுதான் முறை. லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் ரண சிகிச்சை செய்துகொண்டிருந்த ஜான் ஹில்டன், 1860-லிருந்து 1862 வரை சில பிரசங்கங்கள் செய்தார். வலி என்பது இயற்கை அடிக்கிற மணி, மணி அடித்தால் வேலையை நிறுத்திவிட வேண்டும் என்பது அவற்றின் சாரம். அவை புத்தகமாகி டாக்டர்களுக்குப் பாடமாயின. அதே காலத்தில் லிவர்பூல் துறைமுகத்து ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர் ஹ்யூ ஓவன் தாமஸ். ஒல்லியான சிறு உருவம், கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு, ஒரு கண்மேல் சரிந்து கிடக்கும் மாலுமித் தொப்பி, வாயில் சிகரெட். இப்படி ஒரு மனிதர் கதையில் வந்தால் எழுத்தாளன் கொஞ்சம் மிகைப்படுத்தி விட்டான் என்பார்கள். அவருடைய தகப்பனார் பட்டம் பெறாத கட்டு வைத்தியர். நம் பக்கத்தில் புத்தூர்க் கட்டு என்று சொல்கிறோமே, அந்த மாதிரி வேல்ஸ் நாட்டில் பரம்பரையாக எலும்புக்குக் கட்டுப் போட்ட குடும்பம் அது. பட்டதாரி டாக்டர்கள் தகப்பனாரைக் கோர்ட்டுக்கு இழுத்து அலைக்கழித்தார்கள். பார்த்தார், மகனையே டாக்டருக்குப் படிக்க வைத்துவிட்டார்.

மகன் தாமஸுக்கு ஓய்வு என்பது ஒரு மதம். இடைவிடாத ஓய்வு, வற்புறுத்தித் தருகிற ஓய்வு, நீண்ட ஓய்வு. அதில் தப்பில்லை. அந்த நாளில் இடுப்பு மூட்டிலும் முழங்காலிலும் க்ஷயம் பற்றிய குழந்தைகள் ஏராளம். அதற்கு மருந்து கிடையாது. மூட்டை மாதக்கணக்கில் அசையாமல் வைப்பது ஒன்றுதான் கையில் இருந்த வழி. தாமஸ் 1891-ல் இறந்து போனார். அவர் செய்து வைத்த இரும்புத் தப்பை முதல் உலக யுத்தத்தில் அவருடைய பெயரைக் காப்பாற்றிற்று. யுத்தத்தின் ஆரம்பத்தில் தொடை எலும்பு முறிந்த சிப்பாய்களில் நூற்றுக்கு எண்பது பேர் செத்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தாமஸுக்கு மருமகன் முறையான ராபர்ட் ஜோன்ஸ் அந்தத் தப்பையைப் போர்முனைக்குக் கொண்டுவந்த பிறகு அது இருபதுக்குப் பக்கத்தில் இறங்கிற்று. முறிந்த தொடை அசையாமல் இருந்ததால் பிழைத்தவர்கள் அத்தனை பேர்.

தொல்லை பிறகுதான் வந்தது. முறிந்த தொடைக்கு எது நல்லதோ அதுவே சுளுக்கிய கணுக்காலுக்கும் நல்லது, வீங்கிய முழங்காலுக்கும் நல்லது, பிள்ளை பெற்றவளுக்கும் நல்லது, மாரடைப்பு வந்தவருக்கும் நல்லது என்று ஆகிவிட்டது.

எதிர்க்கட்சி இல்லாமல் இல்லை. ஸ்வீடன் தேசத்தில் பேர் ஹென்ரிக் லிங் என்று ஒருவர் இருந்தார். லுண்ட் சர்வகலாசாலையில் மாணவர்களுக்குக் கத்திச்சண்டை கற்றுக்கொடுத்தவர். கவிதைகளும் நாடகங்களும் எழுதிக் குவித்தவர். கடைசிக் காலத்தில் ஸ்வீடிஷ் அகாடமியில் அங்கத்தினராகவும் ஆனார். அந்தக் கவிதைகளை இன்று அவருடைய தேசத்திலேயே எத்தனை பேர் படிக்கிறார்களோ, எனக்குச் சந்தேகம்தான். தம்முடைய கைவலி கத்தி சுழற்றச் சுழற்றக் குறைந்தது என்று அவர் கண்டுகொண்டதாகச் சொல்வார்கள். 1813-ல் ஸ்டாக்ஹோமில் அரசாங்க ஆதரவில் தேகப்பயிற்சிக் கலாசாலை ஒன்றை ஆரம்பித்தார். பட்டாளத்துக்குப் பயிற்சி, பள்ளிக்கூடத்துக்குப் பயிற்சி, நோயாளிக்குப் பயிற்சி என்று மூன்றும் அங்கே நடந்தன. இன்று பிஸியோதெரபி என்று சொல்கிற வித்தைக்கு அதை ஒரு தாய்வீடு என்று சொல்லலாம். அங்கே படித்தவர்களுக்கும் டாக்டர்களுக்கும் அந்த நூற்றாண்டு முழுவதும் சக்களத்திச் சண்டை.

இங்கிலாந்தில் கதை வேறு விதமாகத் தொடங்கிற்று. 1894-ல் லண்டனில் 'மஸாஜ்' என்று பலகை மாட்டிக்கொண்டு வேறு வியாபாரம் நடத்திய வீடுகளைப் பற்றி வைத்தியப் பத்திரிகை ஒன்று அம்பலப்படுத்தியது. நேர்மையாகத் தொழில் செய்துகொண்டிருந்த பெண்களுக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. நர்ஸுகளாகவும் மருத்துவச்சிகளாகவும் பயிற்சி பெற்ற நான்கு பெண்கள் கூடி ஒரு சங்கம் வைத்தார்கள். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகளில் முதன்மையானது, டாக்டர் உத்தரவு இல்லாமல் யாரையும் தொடுவதில்லை என்பது. வேறு வழி அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அதன் பலன் என்ன? நோயாளியோடு தினமும் மணிக்கணக்கில் இருப்பவள், அவன் கால் எப்போது மடங்குகிறது, எப்போது மடங்கவில்லை என்று விரல் நுனியில் அறிந்தவள், கேள்வி கேட்கும் உரிமையைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். அந்த உரிமை திரும்பி வந்த கதையைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது உலக யுத்தத்தின் கடைசிக் கட்டத்தில், சிகாகோ நகரத்து ராணுவ ஆஸ்பத்திரியில் தாமஸ் டிலோர்ம் என்ற இளம் டாக்டர் வேலையில் இருந்தார். வார்டு நிறைய முழங்காலில் ஆபரேஷன் ஆன சிப்பாய்கள். காயம் ஆறிவிடும், கால் ஆறாது. மாவுக்கட்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருக்கிற தொடை குழந்தையின் கை மாதிரி சூம்பிப் போயிருக்கும். அதற்கு அப்போது இருந்த வைத்தியம், லேசான அப்பியாசத்தை நூறு தடவை இருநூறு தடவை செய்வது. சைக்கிள் மிதிப்பது, காற்றிலே காலை ஆட்டுவது. பளு தூக்குவது என்றால் டாக்டர்களுக்கு அலர்ஜி. அது சர்க்கஸ்காரனுக்கும் பயில்வானுக்கும் உரியது; மூட்டைக் கெடுக்கும்; இதயத்தை வீங்க வைக்கும்.

டிலோர்முக்கு இந்தப் பாடம் சிறு வயதிலேயே கிடைத்திருந்தது. அலபாமா மாநிலத்துப் பையன். வாதக் காய்ச்சலில் விழுந்து மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தவன். இதயம் பலவீனம், இனிமேல் கடுமையான உழைப்பே கூடாது என்று வைத்தியர்கள் விதித்துவிட்டார்கள். பையன் எழுந்ததும் செய்த முதல் காரியம் பளு தூக்கப் பழகியதுதான். பெரிதும் தூக்கினான். இதயம் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பையன் டாக்டராகிச் சிப்பாய்களின் சூம்பின கால்களுக்கு முன்னால் வந்து நின்றபோது, புத்தகம் சொன்னதையும் தன் உடம்பு சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். முழங்காலில் அடிபட்டு எதற்கும் தேறாமல் இருந்த சார்ஜண்ட் ஒருவரிடம் ஆரம்பித்தார். பிறகு வார்டு முழுவதும். காலில் இரும்பினால் செய்த பூட்ஸை மாட்டி, அதன் அடியில் கம்பி கோத்து, கம்பியின் இரு பக்கமும் எடைத் தட்டுகளைச் செருகி, உட்கார்ந்தபடியே காலை நீட்டச் சொன்னார். பத்துத் தடவைக்கு மேல் நீட்ட முடியாத எடை எதுவோ அதுதான் கணக்கு. வாரத்துக்கு வாரம் அந்த எடை ஏற வேண்டும்.

1945-ல் இதை ரண சிகிச்சைப் பத்திரிகை ஒன்றில் எழுதினார். மூன்று வருஷம் கழித்து 1948-ல், ஆர்தர் வாட்கின்ஸ் என்ற டாக்டருடன் சேர்ந்து இன்னொரு கட்டுரை. அதில் இரண்டு மாறுதல்கள். முதல் கட்டுரையில் 'பளுவான' பயிற்சி என்று இருந்தது இப்போது 'படிப்படியாக ஏறும்' பயிற்சி என்று ஆகிவிட்டது. ஒரு வார்த்தைதான், ஆனால் பயந்த டாக்டர்களையும் பயந்த நோயாளிகளையும் உள்ளே அழைத்து வரும் வார்த்தை. இரண்டாவது மாறுதல் எனக்கு அதைவிடப் பிடித்தது. முதலில் அவர் ஒரு வேளைக்கு எழுபது தடவை, நூறு தடவை தூக்கச் சொல்லியிருந்தார். அவ்வளவு வேண்டாம், பத்துப் பத்தாக மூன்று சுற்றுப் போதும் என்று தம் கணக்கைத் தாமே வெட்டிக்கொண்டார். முதல் சுற்றில் பாதி எடை, இரண்டாவதில் முக்கால், மூன்றாவதில் முழுசு. இன்று தெருவுக்குத் தெரு இருக்கிற தேகப்பயிற்சிக் கூடங்களில் கண்ணாடிக்கு முன் நின்று 'பத்து, பத்து, பத்து' என்று எண்ணுகிற வாலிபர்கள் எண்ணுவது, சூம்பின கால் சிப்பாய்களுக்காகப் போட்ட கணக்கு.

அதற்கு இடையில் 1947-ல் ரிச்சர்ட் ஆஷர் என்ற லண்டன் டாக்டர், படுக்கைக்குப் போவதில் உள்ள அபாயங்களைப் பற்றி ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். படுக்கையில் கிடக்கிறவனுக்கு நுரையீரலில், ரத்தத்தில், எலும்பில், தோலில், மனசில் என்னென்ன கேடு வரும் என்று உறுப்பு உறுப்பாகச் சொல்லிக்கொண்டு போகிற கட்டுரை. சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார். டாக்டர்கள் சிரித்தார்கள், நோயாளிகள் படுத்தே இருந்தார்கள். நயமாக எழுதுவதனால் மட்டும் உலகம் திருந்துவதில்லை என்பது என் போன்றவர்களுக்குத் தெரிந்த விஷயம். எண் வேண்டும். அந்த எண்ணை டெக்ஸாஸ் மாநிலத்து டல்லஸ் நகரம் கொடுத்தது.

1966-ம் வருஷம். டெக்ஸாஸ் சர்வகலாசாலையின் ஸவுத்வெஸ்டர்ன் மருத்துவக் கல்லூரி. ஸ்வீடனிலிருந்து வந்த பெங்ட் ஸால்டின், குன்னார் புளோம்க்விஸ்ட், அமெரிக்கரான ஜெரி மிட்சல் ஆகியவர்கள் ஐந்து வாலிபர்களைப் பொறுக்கி எடுத்தார்கள். எல்லாருக்கும் வயது இருபது. இரண்டு பேர் ஓடியாடிப் பழகியவர்கள். மூன்று பேர் அப்படி இல்லை. ஒருவருக்கும் ஒரு நோயும் கிடையாது. இந்த ஐந்து பேரையும் மூன்று வாரம் படுக்க வைத்தார்கள். நடக்கக் கூடாது, நிற்கவும் கூடாது. ஓர் ஊரில் ஐந்து வாலிபர்கள் மூன்று வாரம் சும்மா படுத்துக் கிடப்பது சாதாரணமாக விஞ்ஞானம் அல்ல. அவர்கள் தகப்பனார்களைக் கேட்டால் வேறு பெயர் சொல்வார்கள். ஆனால் இங்கே படுப்பதற்கு முன்னும் பின்னும் அளந்தார்கள். மனிதன் மூச்சு முட்ட ஓடும்போது நிமிஷத்துக்கு எவ்வளவு பிராணவாயுவை அவன் உடம்பு உபயோகிக்கிறது என்பதுதான் அளவு. இதயத்தின் திராணி, ரத்தத்தின் திராணி, தசையின் திராணி மூன்றையும் ஒரே எண்ணில் சொல்லிவிடுகிற கணக்கு அது. படுப்பதற்கு முன் ஐவருக்கும் சராசரி 3.3 லிட்டர். எழுந்தபோது சுமார் 2.4 லிட்டர். நாலில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. நோய் இல்லை, காயம் இல்லை, வயோதிகம் இல்லை. ஓய்வு மட்டும்தான்.

பிறகு ஏறக்குறைய எட்டு வாரம் ஓடவிட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். போனது திரும்பி வந்தது. முன்பு சோம்பலாக இருந்த மூவருக்குப் பழைய அளவைவிடக் கூடுதலாகவே வந்தது. பழைய நிலைக்கு வந்து சேர அதிக நாள் பிடித்தது அந்த இரண்டு விளையாட்டு வீரர்களுக்குத்தான். உயரத்திலிருந்து விழுந்தவன் ஏற வேண்டிய தூரமும் அதிகம் அல்லவா? அடிபட்ட ஆட்டக்காரனைக் கட்டிலில் போடுகிறவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது. இந்த ஐந்து பேரை இங்கே கொஞ்சம் விட்டுவைக்கிறேன்.

முழங்காலுக்குள்ளே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தசைநார்கள் இருக்கின்றன. முன்னால் இருப்பது அறுந்தால் பந்தாட்டக்காரனின் ஜீவனமே அறுந்த மாதிரி. ஓடுகிறவன் சட்டென்று திரும்பும்போது முழங்கால் காலை வாரிவிடும். முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கிற நாணிலிருந்து ஒரு கீற்றை எடுத்து உள்ளே பொருத்திவிடுகிற ஆபரேஷன் வந்த பிறகு, டாக்டர்களுக்கு ஒரே கவலை: புதிய நார் இழுபட்டுத் தளர்ந்துவிட்டால்? ஆகவே காலைக் கொஞ்சம் மடக்கின நிலையில் வாரக்கணக்கில் கட்டிவைத்தார்கள். நீட்டக் கூடாது, ஊன்றக் கூடாது, கக்கத்தில் கட்டை இல்லாமல் ஓர் அடி வைக்கக் கூடாது. நார் நிலைத்தது. ஆனால் கால் நீளவில்லை. முழுசாக நீட்ட முடியாத முழங்கால், முன்பக்கத்தில் ஓயாத வலி, சூம்பின தொடை. டிலோர்ம் பார்த்த அதே தொடை.

இண்டியானாபோலிஸ் நகரத்தில் இந்த ஆபரேஷனைச் செய்துகொண்டிருந்த டாக்டர் டொனால்ட் ஷெல்போர்ன் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். மறு பரிசோதனைக்கு வருகிறவர்களில் சிலர் உத்தரவை மீறியவர்கள். வீட்டிலே யாரும் பார்க்காதபோது காலை நீட்டியிருக்கிறார்கள். கட்டையை மூலையில் சாத்திவிட்டு நடந்திருக்கிறார்கள். டாக்டர் கேட்டால் அசட்டுச் சிரிப்பு. நியாயமாகப் பார்த்தால் இவர்கள் முழங்கால் தளர்ந்து ஆடியிருக்க வேண்டும். ஆடவில்லை. சொன்னபடி கேட்ட சாதுக்களைவிட இவர்கள் நன்றாக நடந்தார்கள், நன்றாக நீட்டினார்கள். வேறொருவராக இருந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லி, நாலு திட்டும் திட்டி அனுப்பியிருப்பார். ஷெல்போர்ன் அவர்களுடைய முழங்காலை அளந்தார். அளந்த பிறகு 1987 வாக்கில் தம் உத்தரவையே மாற்றினார். ஆபரேஷன் ஆனவுடனேயே காலை முழுசாக நீட்டவேண்டியது. தாங்குகிற அளவுக்கு ஊன்றி நடக்கவேண்டியது. 1990-ல் நிட்ஸ் என்பவருடன் சேர்ந்து இதை வெளியிட்டபோது பெரிய கலவரம். இன்று உலகத்தில் அநேகமாக எல்லா இடத்திலும் அந்த வழிதான். அந்த உத்தரவை முதலில் எழுதியவர்கள், அசட்டுச் சிரிப்புச் சிரித்த அந்த நோயாளிகள் என்றுதான் சொல்லவேண்டும்.

இன்னும் ஓர் ஆசாமி இருக்கிறார். இவருக்கு முன்னால் மற்றவர்கள் எல்லாரும் பசுக்கள். ஸ்வீடனின் வடக்கே ஊமியோ என்ற ஊர்; அங்கே ஒரு சர்வகலாசாலை; அதில் எலும்பு ரண சிகிச்சை நிபுணர் ஹோகன் ஆல்ஃப்ரெட்ஸன். ஓட்டத்தில் பித்து உள்ளவர். 1990-களின் நடுவில் அவருக்கே குதிகாலுக்கு மேலே இருக்கிற பெரிய நாணில் வலி வந்துவிட்டது. ஓடுகிறவர்களுக்கு வருகிற பழைய சனியன் அது. ஓய்வு, மாத்திரை, செருப்புக்குள் அட்டை எதற்கும் மசியாது. ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்று தம் மேலதிகாரியிடம் கேட்டார். வலிக்கிற நாணுக்கு ஆபரேஷன் செய்து ஒரு டாக்டரை மாதக்கணக்கில் வேலையிலிருந்து அனுப்ப முடியாது என்று பதில் வந்தது. ஆல்ஃப்ரெட்ஸனுக்கு ஒரு யோசனை தோன்றியது. நாண் அறுந்தே போய்விட்டால் ஆபரேஷன் செய்துதானே ஆகவேண்டும்? சரி, அறுத்துவிடுவோம். இதை நான் கற்பனை செய்யவில்லை. அவரே பேட்டிகளில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

படிக்கட்டின் விளிம்பில் முன்னங்காலை வைத்து நின்றுகொண்டு, குதிகாலை மெல்ல மெல்லக் கீழே இறக்கினார். உடம்பின் பாரம் முழுவதும் அந்த நாணில் தொங்கும். உயிர் போகிற வலி. தினமும் அதையே செய்தார்; பாரத்தையும் கூட்டினார். நாண் அறுகிற நாளை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தார். சில வாரங்களில் வலி நின்றுவிட்டது!

இந்த இடத்தில் ஒரு சாமானியன், நண்பர்களிடம் சொல்லிச் சிரித்துவிட்டு ஓடப் போயிருப்பான். ஆல்ஃப்ரெட்ஸன் சர்வகலாசாலை ஆசாமி. ஆபரேஷனுக்காகக் காத்திருந்த ஓட்டக்காரர்கள் பதினைந்து பேரைப் பிடித்தார். முழங்காலை நீட்டி மூன்று பதினைந்து, மடக்கி மூன்று பதினைந்து. காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம். கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு நூற்றெண்பது. வலித்தாலும் செய், வலிக்கவில்லை என்றால் முதுகுப் பையில் கனம் வைத்துக்கொண்டு செய். பன்னிரண்டு வாரம். பதினைந்து பேரும் பழையபடி ஓடப் போய்விட்டார்கள். 1998-ல் கட்டுரை வந்தது. அது சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை அல்ல. பதினைந்து பேர் என்பது பெரிய கூட்டமும் அல்ல. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கர்வின், ஸ்டானிஷ் என்ற இருவர் 1980-களிலேயே இதே வழியில் கொஞ்ச தூரம் போயிருந்தார்கள். நாண் குதிகால் எலும்பில் போய் ஒட்டுகிற இடத்தில் வலி உள்ளவர்களுக்கு இந்த வைத்தியம் அவ்வளவாகப் பலிக்கவில்லை என்பதும் பிறகு தெரிந்தது. 2015-ல் கோபன்ஹேகனில் நடந்த சோதனையில், பளுவை மெதுவாகத் தூக்கியும் இறக்கியும் வாரம் மூன்று நாள் மட்டும் பயிற்சி செய்தவர்களும் அதே அளவு தேறினார்கள். ஆக, நூற்றெண்பது என்பது மந்திர எண் ஒன்றும் இல்லை. ஆனால் வலிக்கிற நாணுக்குப் பாரம் கொடுக்கலாம் என்ற கதவு திறந்தது, திறந்ததுதான்.

அந்தக் கதவின் வழியாக உள்ளே வந்தவர்களில் ஒருவரைப் பற்றித்தான் முன்பு வாக்குக் கொடுத்தேன். காரின் ஸில்பர்நாகல் டாக்டர் அல்ல, பிஸியோதெரபிஸ்ட். ஸ்வீடனில் கோதன்பர்க் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்தவர். அவர் கேட்ட கேள்வி, நாண் வலி உள்ள ஓட்டக்காரன் தன் டாக்டரிடம் முதல் நாளே கேட்கிற கேள்விதான்: "நான் ஓடலாமா, கூடாதா?" அதற்குக் 'கூடாது' என்று பதில் சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் பழகிவிட்டது. அளந்து பார்த்துப் பதில் சொன்னவர்கள் இல்லை. ஸில்பர்நாகல் முப்பத்தெட்டு நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார். பயிற்சி இருவருக்கும் ஒன்றே. ஒரு கூட்டம் முதல் ஆறு வாரம் ஓட்டத்தையும் குதித்தலையும் நிறுத்தவேண்டும். மற்றக் கூட்டம் ஓடிக்கொண்டே இருக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை. பூஜ்யத்திலிருந்து பத்துவரை வலிக்கு மார்க் போடவேண்டும். ஐந்தைத் தாண்டக் கூடாது. மறுநாள் காலையில் அடங்கிவிட வேண்டும். வாரத்துக்கு வாரம் ஏறக் கூடாது. 2007-ல் முடிவு வெளியாயிற்று. ஓடினவர்கள் ஓடாதவர்களைவிட எந்த விதத்திலும் பின்தங்கவில்லை.

ஹில்டனுக்கு வலி என்பது 'நிறுத்து' என்ற ஒரே வார்த்தை. ஸில்பர்நாகலிடம் அது ஒரு பாஷை ஆகிவிட்டது. எவ்வளவு, எப்போது, நாளைக்கு இருக்கிறதா என்று அதைப் படிக்க வேண்டும். அதைப் படிக்கிறவன் நோயாளியே. 1894-ல் லண்டனில் உத்தரவு இல்லாமல் தொடமாட்டோம் என்று விதி எழுதின பெண்களின் தொழில் வழிப் பேத்திகளில் ஒருத்தி, டாக்டர்கள் போட்ட உத்தரவையே சோதனைக்கு எடுத்துக்கொண்டாள். நூற்றுப் பதின்மூன்று வருஷம் ஆயிற்று.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால், சொன்னபடி கேட்காமல் இருப்பதே மோட்சத்துக்கு வழி என்று யாராவது எடுத்துக்கொள்ளக் கூடும். கணக்கு அந்தப் பக்கமும் அடிக்கும். அமெரிக்காவில் டெலவேர் சர்வகலாசாலையில் லின் ஸ்னைடர்-மாக்லர், நார்வேயில் ஹெகே கிரிண்டெம், இவர்களும் பிஸியோதெரபிஸ்டுகள். முன்னங்கால் தசைநார் ஆபரேஷன் ஆன நூற்றாறு ஆட்டக்காரர்களை இவர்களும் சகாக்களும் இரண்டு வருஷம் பின்தொடர்ந்தார்கள். ஆட்டக்காரன் அவசரக்காரன். பந்தயக் காலம் வந்துவிட்டது, குழுவில் இடம் போய்விடும், கால்தான் நன்றாக இருக்கிறதே என்று ஆறாம் மாதத்தில் மைதானத்தில் இறங்கிவிடுவான். 2016-ல் வெளிவந்த முடிவு இது: ஒன்பதாவது மாதம் வரையில், ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடப் போட, முழங்கால் மறுபடி அடிபடுவது பாதிக்குப் பாதி குறைந்துகொண்டே வந்தது. இறங்குவதற்கு முன்னால் தொடையின் பலம், ஒற்றைக் காலில் தாண்டும் தூரம் முதலிய பரீட்சைகள் வைத்தார்கள். அதில் தேறாமலே ஆடப் போனவர்களில் நூற்றுக்கு 38 பேர் மறுபடி காயப்பட்டார்கள். தேறிவிட்டுப் போனவர்களில் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை. டிலோர்ம் இரும்புப் பூட்ஸ் மாட்டி வளர்த்த அதே தொடைத் தசைதான் இங்கேயும் மார்க் போடுகிறது.

ஷெல்போர்னின் நோயாளி மறுநாளே நடந்தான், சரி. இந்த ஆட்டக்காரன் ஆறாம் மாதம் ஓடினான், தப்பு. இரண்டு பேரும் உத்தரவை மீறியவர்கள்தான். யார் மீறினது சரி என்று முன்கூட்டிச் சொல்ல அவர்கள் உடம்பினால் முடியவில்லை, டாக்டரின் அனுபவத்தாலும் முடியவில்லை. எண்ணிப் பார்க்கிறவர்கள் வந்துதான் சொல்லவேண்டியிருந்தது. டிலோர்மும் ஆல்ஃப்ரெட்ஸனும் தங்கள் உடம்போடு நின்றிருந்தால், ஊரில் நாலு பேர் சொல்லிக்கொண்டிருக்கிற வேடிக்கைக் கதைகளாகவே அவர்கள் போயிருப்பார்கள்.

டல்லஸ் நகரத்து ஐவரை நடுவழியில் விட்டுவிட்டு வந்தேன். 1996-ல், முப்பது வருஷம் கழித்து, ஆராய்ச்சிக்காரர்கள் அந்த ஐந்து பேரையும் தேடிப் பிடித்தார்கள். ஐந்து பேரும் கிடைத்தார்கள், அதுவே ஆச்சரியம். வயது ஐம்பது. உடம்பு எடை கால் பங்கு கூடியிருந்தது. கொழுப்பு இரட்டிப்பு ஆகியிருந்தது. குடும்பம், உத்தியோகம், நாற்காலி எல்லாம் அவற்றின் வேலையைச் செய்திருந்தன. மறுபடியும் அதே மூச்சுக் கணக்கு. முப்பது வருஷம் தின்றது, இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை தின்றதில் பாதிகூட இல்லை. ஆறு மாதம் நடையும் ஓட்டமும் சைக்கிளுமாகப் பயிற்சி கொடுத்தார்கள். இந்தத் தடவை யாரும் அவர்களைப் படுக்கச் சொல்லவில்லை. ஐம்பது வயதுக்காரர்களின் சராசரி, அவர்கள் இருபது வயதில் படுப்பதற்கு முன்னால் இருந்த அளவுக்குத் திரும்பி வந்துவிட்டது.

பத்து வருஷம் கழித்து, அறுபது வயதில், இன்னொரு தரம் அளந்தார்கள். அந்தப் பத்து வருஷத்தில் சரிவு வேகமாக இருந்தது. நாற்பது வருஷத்தில் மொத்தம் போனது நூற்றுக்கு 27. 1966-ல் அந்த மூன்று வாரத்தில் போனது 26.